மென்பொருளுக்குக் கடைசித் தவணை கட்டுமுன்…

பற்றுச்சீட்டு அடிக்கவும் களஞ்சிய இருப்பைப் பார்க்கவும் நமது வியாபாரிகள் பலர் இன்று தமக்கென்றே மென்பொருள் எழுதுவித்துக் கொள்கிறார்கள். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் அப்படியொன்றைச் செய்வித்தார் என்று வைத்துக்கொள்வோம். அது நன்றாக ஓடுகிறது. குருநாகலில் உள்ள கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு "எனக்கும் ஒன்று தாருங்கள்" என்கிறார். இவரும் விலை பேசுகிறார். பணம் கொடுத்துச் செய்வித்தது, ஆகவே முழுக்கத் தன்னுடைய பொருள் என்பது அவரது எண்ணம். ஆனால் முழுக்க அப்படியல்ல.

இன்று எந்தப் புரோகிராமரும் ஒரு மென்பொருளை முதல் வரியிலிருந்து தானே எழுதுவதில்லை. பீ.டீ.எப். தயாரிக்க ஒன்று, பார்கோட் வாசிக்க ஒன்று என்று பிறர் எழுதிவைத்த திறந்த மூலப் பொதிகளை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்க்கிறார். அவர் பத்துப் பொதிகளைச் சேர்த்தால், அந்தப் பத்தும் தமக்குத் தேவையான வேறு பொதிகளை இழுத்துக்கொண்டு வரும். கடைசியில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போய் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணனி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குகிறது. இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக அது சொந்தக்காரர் இல்லாத பொருளாகிவிடாது.

எம்.ஐ.டி., பீ.எஸ்.டீ., அப்பாச்சி என்ற பெயர்களில் வரும் லைசன்ஸ்களால் வியாபாரிக்குப் பெரிய தொல்லையில்லை. உரிமையாளரின் பெயரையும் லைசன்ஸ் வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். கவனம் தேவைப்படுவது ஜீ.பீ.எல். வகைக்கு. அதை விற்கக் கூடாது என்று சிலர் சொல்வது தவறு. என்ன விலைக்கும் விற்கலாம். ஆனால் ஜீ.பீ.எல். பொதியைக் கலந்து ஒரே மென்பொருளாக்கி மற்றவருக்குக் கொடுத்தால், முழுவதையும் அதே லைசன்ஸின் கீழ்தான் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு மூலநிரலும் சேர வேண்டும். அதை அவர் இன்னொரு கடைக்காரருக்கு இலவசமாகவே கொடுத்தாலும் உங்களால் தடுக்க முடியாது. குருநாகல்காரருக்கு விற்ற பிறகு கண்டியில் யாருக்கு விற்பது?

உங்கள் கடைக்குள் மட்டும் பாவித்தால் ஜீ.பீ.எல். இந்தக் கடமையைச் சுமத்துவதில்லை. பிறர் கைக்குப் போகும்போதுதான் கணக்கு ஆரம்பமாகிறது.

பெரிய கம்பனிகளே இதில் அகப்பட்டிருக்கின்றன. தென் கொரியாவின் ஹான்கொம் கம்பனி தனது அலுவலக மென்பொருளில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதியைச் சேர்த்திருந்தது. அது இரண்டு வழிகளில் கிடைக்கும்: ஜீ.பீ.எல். வகை நிபந்தனைகளை ஏற்று இலவசமாக, அல்லது பணம் கட்டி வர்த்தக லைசன்ஸில். ஹான்கொம் இரண்டையும் செய்யவில்லை என்று அதன் உரிமையாளரான ஆர்டிபெக்ஸ் 2016இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு ஹான்கொம் கேட்டதை 2017 ஏப்ரலில் நீதிமன்றம் மறுத்தது. லைசன்ஸை மீறியதை ஒப்பந்த மீறலாகவும் வழக்காடலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இணையத்தின் வழியாக மாதக் கட்டணத்துக்குச் சேவை கொடுக்க நினைப்பவர்கள் ஏ.ஜீ.பீ.எல். என்ற பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். மென்பொருள் யார் கைக்கும் போகாமல் உங்கள் சேர்வரிலேயே இருந்தாலும், மாற்றியமைத்த நிரலை இணையம் வழியாகப் பாவிப்பவர்களுக்கு அதன் மூலநிரலைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. பற்றுச்சீட்டைப் பீ.டீ.எப். ஆக்கப் பலர் எடுக்கும் ஐடெக்ஸ்ட், 2009இல் வந்த அதன் 5ஆவது பதிப்பிலிருந்து இந்த லைசன்ஸுக்கு மாறியது. பழைய பதிப்பை நினைத்துக்கொண்டு புதியதைச் சேர்க்கும் புரோகிராமர்கள் உண்டு.

பரிசோதிப்பது கஷ்டமான வேலையல்ல. பீ.எச்.பீ. மொழியில் கம்போசர் வைத்து எழுதியிருந்தால், 'கம்போசர் லைசன்சஸ்' என்ற ஒரு கட்டளை பொதியின் பெயர், பதிப்பு, லைசன்ஸ் மூன்றையும் பட்டியலிடும். பைதனுக்கு 'பிப் லைசன்சஸ்', ஜாவாஸ்கிரிப்டுக்கு 'லைசன்ஸ் செக்கர்' என்ற கருவிகள் இருக்கின்றன. பட்டியலைக் கேட்டதும் புரோகிராமர் தயங்கினால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் வருவது எழுதியவர் தாமே அறிவித்த பெயர்தான். எனவே சந்தேகமானவற்றின் லைசன்ஸ் கோப்பையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். லைசன்ஸே இல்லாத பொதி மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அதைப் பாவிக்க யாரும் அனுமதி தரவில்லை.

பட்டியலில் ஜீ.பீ.எல். அகப்பட்டால் வேறு பொதிக்கு மாறலாம், வர்த்தக லைசன்ஸ் இருந்தால் வாங்கலாம், அல்லது மூலநிரலைக் கொடுத்துவிட்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் உழைக்கலாம். எழுதும்போதே மாற்றுவது புரோகிராமருக்குச் சில நாள் வேலை. இருபது கடைகளுக்கு விற்ற பிறகு மாற்றுவதென்றால் ஒவ்வொரு கடையிலும் ஏறி இறங்க வேண்டும். ஆகவே பட்டியல் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பு மாறும்போது லைசன்ஸும் மாறக்கூடும். 2018இல் மொங்கோ டீ.பீ. தரவுத்தளம் அப்படி மாறியது. அதனால் ஒவ்வொரு புதுப்பிப்போடும் புதிய பட்டியல் என்ற வரியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.