இரண்டு எஞ்சினில் ஓர் எஞ்சின்: பொருத்தம் பார்ப்பது எப்படி?

கல்யாணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், எஞ்சினுக்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. "எல்லாம் அம்பாசிடர் சாமான்தானே மாமா, சேராமலா போய்விடும்?" என்று கேட்டுக்கொண்டு சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் பள்ளுருத்தியில் என் வீட்டிற்கு வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பிள்ளை. அவன் தாத்தா தோப்பும்படியில் டாக்சியாக ஓட்டிய வண்டி பன்னிரண்டு வருடமாக வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அதை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தாத்தாவின் பிளாக் தேய்ந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, இங்குள்ள ஓர் ஆக்ரிக் கடையில் (நம் ஊரில் காயலான் கடை என்போம்) வேறொரு பிளாக் வாங்கியிருக்கிறான். ஹெட் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. பிஸ்டன் செட்டைக் கோவையிலிருந்து மாமன் மகன் அனுப்பியிருக்கிறான். செலவு முழுவதும் அப்பாவின் சீட்டுப் பணம்.

இப்படிப் பல இடத்துச் சாமான்களைச் சேர்த்துக் கட்டும் எஞ்சினைத்தான் வெளிநாடுகளில் வெகுகாலமாகக் கலப்பு எஞ்சின், அதாவது ஹைப்ரிட் எஞ்சின் என்று சொல்லி வருகிறார்கள். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் கார்தான் நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றியும் பிறகு சொல்கிறேன். இரண்டுக்கும் விதி ஒன்றே.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே மற்ற இளைஞர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரே குடும்பம், வேறு வேறு அளவு

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. இது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்து "பி" வரிசையைச் சேர்ந்தது. சிலிண்டரின் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. இதே வரிசையில் 1588 சி.சி., 1798 சி.சி. எஞ்சின்களும் வந்தன. அவற்றின் ஸ்ட்ரோக்கும் அதே 88.9 மி.மீ. தான், விட்டம் மட்டும் கூடியது. அம்பாசிடரின் பழைய டீசல் எஞ்சினும் 1489 சி.சி. தான். விட்டம், ஸ்ட்ரோக் எல்லாம் அதே எண்கள்.

ஏமாறும் இடம் இதுதான். எண்கள் ஒன்றாக இருப்பதால் சாமானும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அந்த டீசலில் காற்றை ஏறக்குறைய 23-இல் ஒரு பங்காக அழுத்த வேண்டும். பெட்ரோலில் 7 அல்லது 8-இல் ஒரு பங்கு போதும். டீசலில் பிஸ்டன் தலையில் விழும் அடி வேறு, பேரிங் தாங்க வேண்டிய பாரம் வேறு. பெட்ரோல் எஞ்சினின் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அந்த அடியைத் தாங்கும் என்று எண்ணி வேலையைத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராடு வளைந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வேறு குடும்பத்துச் சாமான் என்றால் சிக்கல் போல்ட்டிலேயே தொடங்கிவிடும். பழைய பி.எம்.சி. எஞ்சினில் அங்குலக் கணக்கு மரை. ஜப்பானிய எஞ்சினில் மில்லிமீட்டர் கணக்கு. பதினாறில் ஐந்து (5/16) அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எட்டு மில்லி போல்ட்டுக்கு 8 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மரைக்கு மரை உள்ள தூரம் முதலாவதில் 1.06 மி.மீ., இரண்டாவதில் 1.25 மி.மீ. கையால் இரண்டு சுற்று ஏறும். பிறகு ஸ்பானர் போட்டு இறுக்கினால் மரை போய்விடும். அலுமினியம் பாகமாக இருந்தால் அதோடு கதை முடிந்தது.

ஹெட்டும் பிளாக்கும்

எஞ்சினின் உயிர் கம்ப்ரஷன். இதைக் கணக்கிடப் பெரிய படிப்பு வேண்டாம். 1489 சி.சி.யை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 372.25 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே மிஞ்சி நிற்கும் இடம் (ஹெட்டின் குழி, கேஸ்கட்டின் கனம், பிஸ்டனுக்கு மேலுள்ள இடைவெளி மூன்றும் சேர்ந்தது) 53.2 சி.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 372.25-ஐ 53.2-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் ஏறக்குறைய 8 வரும். இதுதான் கம்ப்ரஷன் விகிதம்.

இப்போது பிளாக்கை அறுபது சைஸ் போர் செய்கிறோம். விட்டம் 74.55 மி.மீ. ஆகிறது. ஒரு சிலிண்டர் 388 சி.சி. வேறு எதையும் தொடாமலேயே விகிதம் 8.3-க்கு ஏறிவிட்டது. புதுப்பேட்டை ஹெட்டை யாராவது முன்பே இரண்டு முறை பிளேன் செய்திருந்தால் குழி இன்னும் சுருங்கியிருக்கும். விகிதம் மேலும் ஏறும். மாறாக அரை மில்லி கனம் கூடிய கேஸ்கட் போட்டால் 2 சி.சி.க்குச் சற்று மேல் இடம் கூடி விகிதம் இறங்கும். ஒவ்வொரு சாமானும் தனியாகப் பார்த்தால் சரியானதுதான். கூட்டிப் பார்த்தால்தான் கணக்குத் தப்பியது தெரியும்.

குழியை அளக்க எளிய வழி உண்டு. ஹெட்டைத் தலைகீழாக மட்டமாக வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி மேலே ஒட்டுங்கள். பள்ளிக்கூடத்துப் பியூரெட்டில் மண்ணெண்ணெய் எடுத்து, குழி நிறையும் வரை விட்டு எத்தனை சி.சி. என்று குறியுங்கள். நான்கு குழியையும் அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்து மற்ற மூன்றையும் நம்பிவிடக் கூடாது.

பிஸ்டனுக்கு இன்னொரு கணக்கு. ஸ்ட்ரோக்கில் பாதி, கனெக்டிங் ராடின் நீளம், பிஸ்டன் பின்னிலிருந்து தலை வரை உள்ள உயரம் மூன்றையும் கூட்டினால் பிளாக்கின் உயரத்திற்குச் சற்றுக் குறைவாகவோ சமமாகவோ வர வேண்டும். விட்டம் சரியாக இருந்து பின் உயரம் 2 மி.மீ. கூடிய பிஸ்டனை மாட்டினால் அது பிளாக்கிற்கு மேலே 2 மி.மீ. எட்டிப் பார்க்கும், முதல் சுற்றிலேயே ஹெட்டில் இடிக்கும். வால்வு இடிக்குமா என்று பார்க்கக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை மாட்டி, டைமிங் வைத்து, கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தின் கனம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது எங்கள் ஆசான் சொல்லிக் கொடுத்த கணக்கு. ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

என் கையால் நடந்த தவறு

இவ்வளவு சொல்லும் நான் தவறாதவன் அல்ல. 1980-களின் நடுவில் நம்மவர் ஒருவரின் டாக்சி எஞ்சினை இப்படித்தான் பல சாமான் சேர்த்துக் கட்டினேன். போர் அளந்தேன், கிராங்க் அளந்தேன், குழி அளந்தேன். ஹெட் கேஸ்கட் மட்டும் வேறு வேலைக்கு வாங்கியது என் அலமாரியில் இருந்தது. போல்ட் ஓட்டைகள் சேர்ந்தன. தண்ணீர் ஓட்டைகள் சேர்ந்தன. போட்டுவிட்டேன்.

அறுபது சைஸ் போர் செய்த சிலிண்டரின் வாய் அகன்றிருந்தது. கேஸ்கட்டின் உலோக வளையமோ பழைய அளவு. சுற்றிலும் ஒரு விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தீயில் நீட்டிய அந்த விளிம்பு பழுத்துச் சிவந்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்தது. மூன்றாவது வாரம் ஆலுவாய் போகும் வழியில் கேஸ்கட் எரிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, இரண்டு பிஸ்டன் போயிற்று. அது கல்யாண மாதம். டாக்சிக்காரருக்கு வருடத்தில் நாலு காசு மிஞ்சுகிற மாதம். வண்டி இருபது நாள் என் ஷெட்டில் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தினமும் காலையில் வந்து, ஷெட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போவார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எஞ்சினோடு முடிவதில்லை

வேறு எஞ்சினை முழுதாக மாட்டுகிறவர்களும் உண்டு. அம்பாசிடரில் மெட்டடார் டீசல் எஞ்சின் ஓடியது இந்தப் பக்கத்து ஷெட்காரர்களுக்குத் தெரியும். எஞ்சின் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். கிளச் பிளேட்டின் பல் எண்ணிக்கை கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்குச் சேருமா? ஷாஃப்ட் முனை உட்காரும் பேரிங் சரியா? முன்பக்கம் கூடிய எடையை ஸ்பிரிங் தாங்குமா? ரேடியேட்டர் போதுமா?

அச்சு விகிதத்தைப் பலர் மறந்தே போவார்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகும், அச்சு விகிதம் 4.5 என்று கொள்வோம். டாப் கியரில் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 80 கி.மீ. போகும். அதே அச்சை வைத்துக்கொண்டு, 2500 சுற்றில் நிதானமாக ஓட வேண்டிய டீசலை மாட்டினால் 67 கி.மீ. தான். ஓட்டுநர் விடுவாரா? மிதிப்பார். எஞ்சின் கத்தும், சூடாகும், ஆயுள் குறையும். விகிதம் 3.9 உள்ள அச்சு கிடைத்தால் அதே 2500 சுற்றில் 77 கி.மீ. வரும்.

1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசிடருக்கு 1817 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சினைக் கொடுத்தது. ஆங்கிலேயர் உடம்பு, ஜப்பானியர் இதயம். ஆனால் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. ஐந்து கியர் கொண்ட புதிய கியர்பாக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. இன்று இருப்பதெல்லாம் பழைய சாமான்தான். அதனால் அளந்து பார்க்க வேண்டிய அவசியமும் இன்று அதிகம்.

மின்சாரம் சேர்ந்த எஞ்சின்

1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸைப் பாருங்கள். அதன் இரண்டாம் தலைமுறையில் இருந்த 1497 சி.சி. எஞ்சினுக்கும், அதே நிறுவனத்தின் சாதாரணக் கார்களில் இருந்த 1497 சி.சி. எஞ்சினுக்கும் விட்டம் 75 மி.மீ., ஸ்ட்ரோக் 84.7 மி.மீ. உடன்பிறப்புகள். ஆனால் சாதாரண எஞ்சினின் கம்ப்ரஷன் 10.5, பிரியஸின் கம்ப்ரஷன் 13. பிரியஸில் உள்வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் காற்று திரும்பிப் போய்விடும். அதனால் 13 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் அழுத்தப்படும் காற்று குறைவு. எரிந்து விரிவதற்குத்தான் முழு நீளமும் கிடைக்கிறது. எரிபொருள் மிச்சமாவதற்கு இது ஒரு காரணம். எஞ்சினின் இழுவை குறையும். அந்தக் குறையை மின்மோட்டார் ஈடு செய்யும். இந்த எஞ்சினில் உடன்பிறப்பின் கேம் ஷாஃப்ட்டை மாட்டினால் வால்வு சீக்கிரம் மூடும், 13-ம் முழுதாக வேலை செய்யும், எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும்.

நம் கொச்சியிலேயே 2023 ஏப்ரல் முதல் ஓடும் வாட்டர் மெட்ரோ படகுகளும் இந்த வகைதான். நாள் முழுவதும் ஓடுவது பேட்டரியில்; துணைக்கு டீசல் ஜெனரேட்டர் உண்டு. எடை குறைந்த வேறு பேட்டரிகள் இருந்தும் லித்தியம் டைட்டனேட் பேட்டரியை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். துறையில் நிற்கும் சில நிமிடத்திற்குள் வேகமாகச் சார்ஜ் ஏற்றினாலும், அதை நாள்தோறும் பலமுறை செய்தாலும், அது சீக்கிரம் கெடாது. படகின் ஓட்டத்திற்கு ஏற்ற பேட்டரி அது.

ஆர்.சி. புத்தகத்தின் பொருத்தம்

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவனிடம் முதலில் கேட்டது, "ஆர்.சி. புத்தகத்தில் என்ன எஞ்சின் நம்பர் இருக்கிறது?" என்பதுதான். எஞ்சின் நம்பர் பிளாக்கில் இருக்கிறது. பிளாக் மாறினால் நம்பரும் மாறும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி ஆர்.டி. அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் எஞ்சின் மாற்றக் கூடாது. வாகன மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்துவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இந்த நம்பரைத்தான். ஆக்ரிக் கடைப் பிளாக் எந்த வண்டியுடையது, அந்த வண்டி என்ன ஆயிற்று என்பதற்கு அவனிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

"தாத்தாவின் பிளாக் எங்கே?" என்றேன். வீட்டுப் பின்புறம் தென்னை மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. இருவரும் போய்த் துரு தேய்த்து அளந்தோம். ஒரே முறைதான் போர் செய்திருந்தார்கள், இருபது சைஸ். அறுபது வரை போகத் தாராளமாக இடமிருக்கிறது. அதுவும் தேய்ந்தால் லைனர் இறக்கிக்கொள்ளலாம். தேய்ந்துவிட்டது என்று சொன்னவர் அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

பிஸ்டன் செட் நல்ல வேளையாக அறுபது சைஸ். நான்கையும் தராசில் வைத்தோம். இரண்டு கிராமுக்குள் சேர்ந்தன. ஹெட்டில் மூன்று குழிகள் ஒன்று போல இருந்தன. மூன்றாம் சிலிண்டரின் குழி மட்டும் 3 சி.சி. அதிகம். வால்வு சீட்டை யாரோ ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். புது சீட் போட லேத்துக்குப் போயிருக்கிறது. வாங்கிய பிளாக்கை ஆக்ரிக் கடைக்காரர் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதுவும் அவன் அப்பா நேரில் போய்ப் பேசிய பிறகுதான்.

போர் செய்து வந்த பிளாக்கைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். புது ஹெட் கேஸ்கட்டைப் பையன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கேட்காமலே அதைப் பிளாக்கின் மேல் வைத்து, நான்கு சிலிண்டரின் வாயையும் சுற்றி விரலால் தடவிக் காட்டினான். எங்கும் நீட்டவில்லை.