துணைவர் விசா: பிறப்புச் சான்றிதழை முதலில் பாருங்கள்

நிக்காஹ் முடிந்து, அமெரிக்காவிலுள்ள கணவரிடம் செல்லக் காத்திருக்கும் பெண்களின் பெற்றோர் நம் அலுவலகம் வருகிறார்கள். பலருக்குத் தடை பிறப்புச் சான்றிதழில்தான். அதில் பெண்ணின் பெயர், பிறந்த தேதி, ஊர், தாய் தந்தை பெயர்கள் அனைத்தும் இருக்க வேண்டும்.

பிறப்பு, பிறந்த ஊரில்தான் பதிவாகும். தாய்வீட்டில் பிரசவம் என்றால் அந்த ஊர்ப் பதிவாளரிடமே கேளுங்கள்.

பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், 15 ஆண்டுகளுக்குள் சேர்க்கலாம் என்பது விதி. தாண்டியவர்கள், அரசு கால நீட்டிப்பு தந்துள்ளதா என்று விசாரியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இப்போதே சேர்த்துவிடுங்கள்.

ஃபாத்திமா, முஹம்மது போன்ற பெயர்களின் ஆங்கில எழுத்துகள் பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். பிழையிருந்தால் பதிவாளரிடம் திருத்தலாம்.

பதிவே இல்லையென்றால், ‘பதிவு இல்லை’ என்ற சான்று பெற்று, கோட்டாட்சியர் ஆணை வழியாகத் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பள்ளிச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

காசு கொடுத்தால் உடனே கிடைக்கும் என்போரை நம்பாதீர்கள். போலிச் சான்று பிடிபட்டால், அந்தப் பெண்ணுக்கு அமெரிக்க வாசலே நிரந்தரமாக அடைபடலாம். நிக்காஹ் தேதி குறிக்கும்போதே இந்தக் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள்.