நஞ்சுக்கொடியும் அது பற்றும் இடமும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அப்பேற்றில் நஞ்சுக்கொடி பற்றும் இடத்தாலும் ஆழத்தாலும் விளையும் இடர்கள் எவை, அவற்றினின்று தப்பும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நஞ்சு என்பது பெயரளவிலேயாம். அதன் தொழிலோ அமுதூட்டுதல். நிறைமாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு, தாயின் இரத்தத்தினின்று உயிர்வளியையும் உணவையும் பெற்றுச் சிசுவுக்கு அளிக்கின்றது. அக்காலத்தில் நிமிஷந்தோறும் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கருப்பைக்குப் பாய்கின்றது. ஆகவே, பற்றுதலில் பிழை நேரின் சிறு பொழுதிற்குள் உயிருக்கே அபாயம் உண்டாகும்.

முதற்பிழை இடம் பற்றியது. நஞ்சுக்கொடி கருப்பையின் மேற்பாகத்தில் அமையாமல், கீழிறங்கி அதன் வாயிலை மறைத்துக்கொள்வதுண்டு. கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பாகம் விரிய, கொடி சிறிது பிரிந்து, நோவின்றியே செந்நிற இரத்தம் வெளிப்படும். இவ்வகைப் பெருக்கு தவிர்க்கவியலாதது என்று 1775இல் ஆங்கில மருத்துவர் எட்வர்டு ரிக்பி பிரித்துக் காட்டினார். இந்நிலையில் விரலிட்டுச் சோதித்தல் பெருந்தீங்காம். ஐந்தாம் மாத ஸ்கேனில் கொடி தாழ்ந்திருப்பதாகக் கண்டால் உடனே அஞ்ச வேண்டுவதில்லை. கருப்பை வளர வளரப் பெரும்பாலோர்க்கு அது மேலேறிவிடும். 32ஆம் வாரத்தையொட்டி மறுபடியும் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

இரண்டாம் பிழை ஆழம் பற்றியது. கருப்பையின் உட்படலத்தோடு நிற்க வேண்டிய கொடி, முந்தைய அறுவையின் தழும்பு வழியே தசையைப் பற்றியும், தசைக்குள் புகுந்தும், சிலவேளை அதனைக் கடந்து மூத்திரப்பையை எட்டியும் நின்றுவிடும். குழந்தை பிறந்தபின் அது பிரியாது. வலிந்து இழுத்தால் இரத்தம் வெள்ளமெனப் பெருகும். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றின்படி, கொடி வாயிலை மறைத்தவருள் இந்நோய் கண்டோர், முன்பு ஒருமுறை அறுவைப் பிரசவமானவரில் நூற்றுக்கு 11, இருமுறையாயின் 40, மும்முறையாயின் 61. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவையால் நிகழ்ந்தன. ஆதலின் இது நம் இல்லங்களைத் தொடும் செய்தியேயாம். தேவையான அறுவை உயிர்காக்கும். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துச் செய்விக்கும் அறுவையோ அடுத்த பேற்றிற்குக் கடனை வைத்துச் செல்லும்.

நம் கொங்கு நாட்டில் கட்டுச்சோற்று விருந்து முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். சீர்வரிசையோடு ஸ்கேன் அறிக்கையும், முன் அறுவையின் விவரமும், இரத்தவகைக் குறிப்பும் உடன் செல்லட்டும். ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் இடையே 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. நள்ளிரவில் பெருக்குத் தொடங்கியபின் அவ்வழி இறங்குவது எளிதன்று. இத்தகையோர் இரத்தவங்கியும் தேர்ந்த மருத்துவரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அருகில் முன்னரே தங்குதல் நன்று. துளி இரத்தம் கண்டாலும் 108ஐ அழைத்தல் வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகால உதவியின்றி மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். நம்மால் ஆவதும் ஒன்றுண்டு. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் உடல்நலமும் உடைய மாணவர் இரத்தம் வழங்கலாம். ஆஸ்பத்திரியில் முன்கூட்டிச் சேமித்த இரத்தமே அத்தாயை வீடு திரும்பச் செய்வதாகும்.