முக்கூடலில் ஓர் ஆங்கிலப் பெயரடை

‘கான்ஃப்ளுயன்ட்’ என்ற பெயரடைக்கு ‘கலந்த’ என்று பொருள் எழுதிக்கொண்டு மாணவர்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு வாக்கியம் அமைக்கச் சொன்னால் உப்புக் கரைசலும் சாம்பார்ப் பொடியும் கான்ஃப்ளுயன்ட் ஆகிவிடுகின்றன. அவற்றுக்கு ‘மிக்ஸ்டு’ போதும். இந்தச் சொல்லின் வேலை வேறு.

லத்தீனில் இதன் முற்பகுதி ‘உடன்’ என்றும், பிற்பகுதி ‘ஓடுதல்’ என்றும் பொருள்படும். ஃப்ளூயன்ட், ஃப்ளூயிட், இன்ஃப்ளுயன்ஸ் எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவை. வெவ்வேறு இடத்தில் புறப்பட்டவை ஓரிடத்தில் கூடி, அதன்பின் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். இதன் பெயர்ச்சொல்லான ‘கான்ஃப்ளுயன்ஸ்’தான் புத்தகங்களில் அதிகம் வரும்.

இதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் ஊருக்குத் திருமுக்கூடல் என்றே பெயர். ஜெர்மனியில் ரைனும் மோசலும் கூடும் கோப்லென்ஸ் நகரின் பெயரும் இந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு ஊர்களையும் வரைபடத்தில் காட்டினால் பொருளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பாலாற்றைப் பெரும்பாலும் மணலாகத்தான் பார்த்திருப்பார்கள். இந்தப் பாடத்தை ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவத்திலும் நம் சொல்லுக்கு இடமுண்டு. பெரியம்மையில் கொப்புளங்கள் தனித்தனியாக நில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் முழுக்க ஒரே பரப்பாகிவிட்டால் அதைக் கான்ஃப்ளுயன்ட் வகை என்றார்கள். உயிருக்கு ஆபத்து அதில்தான் அதிகம். 1980இல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது; சொல் மட்டும் தோல் மருத்துவத்தில் இன்றும் இருக்கிறது. இங்கே ஓட்டம் இல்லை. எல்லை அழிந்து ஒன்றாவதே பொருள்.

‘கன்வர்ஜென்ட்’ என்பதோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. குவிலென்ஸ் வழியாக வரும் கதிர்கள் குவியத்தை நோக்கி வருகின்றன, அங்கே சந்திக்கின்றன, தாண்டியதும் பிரிந்து போய்விடுகின்றன. கூடிய ஆறு அப்படிப் பிரிவதில்லை. செங்கல்பட்டு ஜங்ஷனில் அரக்கோணம் பாதை வந்து சேர்ந்தாலும் ரயில்கள் தனித்தனி ரயில்களாகவே இருக்கின்றன. அதற்கு ஜங்ஷன்தான் சரி.

இலக்கணத்தில் ஒரு சிக்கல். இதைத் தமிழில் சொல்ல நாம் பெயரெச்சத்தைத்தான் நாடுகிறோம். அது காலம் காட்டும்: ‘கூடிய ஆறுகள்’, ‘கூடுகிற ஆறுகள்’. ஆங்கிலப் பெயரடை காலம் காட்டாது. காலத்தை ‘ஆர்’, ‘வேர்’ போன்ற வினை சுமக்கும். இதைச் சொல்லிவிட்டால் வினையை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் ஓரளவு குறையும்.

பள்ளி மணலில் சரிவாக இரண்டு வாய்க்கால் கீறி, ஒன்றில் சிவப்பு மை நீர், மற்றதில் நீல மை நீர் ஊற்றுங்கள். சேர்ந்தபின் ஊதா நிறத்தில் ஒரே ஓட்டம். பிறகு கடப்பாக்கத்துப் பிள்ளைகளிடம் இதைக் கேட்கலாம்: ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்தில் கழி கடலைத் தொடும் முகத்துவாரத்துக்கு இந்தச் சொல் பொருந்துமா? ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வருகிறதே, அப்போது எது எதோடு ஓடுகிறது? மதிப்பெண்ணை ஆம், இல்லை என்பதற்குத் தராமல் அவர்கள் சொல்லும் காரணத்துக்குத் தாருங்கள்.