மீட்டர் வைக்காமல் பேட்டரியை மாற்றாதீர்கள்

நிறுத்திவைத்த கார் நாலே நாளில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நம் ஊரில் கிடைக்கும் முதல் பதில், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்பதுதான். ஒரு மீட்டரைக்கூட வெளியே எடுக்காமல் சொல்லப்படும் இந்தப் பதில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பணநட்டத்தை உண்டாக்குகிறது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. பேட்டரி இறங்கியது விளைவு. அதன் காரணம் பேட்டரிக்குள்ளும் இருக்கலாம், வெளியே ஒயரிங்கிலும் இருக்கலாம். காரணம் வெளியே இருக்கும்போது புது பேட்டரியைப் போட்டால் சில வாரங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். பிறகு அதுவும் இறங்கும். இறங்குவதோடு நிற்காமல் கெட்டும் போகும். காரில் இருக்கும் ஈய-அமில பேட்டரி, சில வினாடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது. அது முழுக்கக் காலியாகி அப்படியே கிடந்தால் தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட் இறுகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நான்கைந்து முறை இப்படிக் காலியான பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே சோதித்து "பேட்டரிதான் வீக்" என்பார்கள். அந்தச் சோதனை பொய்யில்லை. ஆனால் பேட்டரியை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

"நாலு வருஷம் ஆன பேட்டரி, மாற்றிவிட்டால் தலைவலி தீர்ந்தது" என்று வாதிடுவோர் உண்டு. வயதை நான் மறுக்கவில்லை. நம் வெயிலில் பேட்டரிகள் சீக்கிரம் முதுமை அடைகின்றன. ஆனால் பேட்டரி குற்றவாளியா என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதற்குச் செலவில்லாத சோதனை இருக்கிறது. முழுக்க சார்ஜ் ஏற்றி, 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிட்டு, சில மணி நேரம் கழித்து வோல்ட் பாருங்கள். 12.6-க்குப் பக்கத்தில் இருக்கும். மறுநாள் மறுபடி பாருங்கள். எதோடும் இணைக்காத நிலையிலேயே 12.4-க்குக் கீழே போயிருந்தால் குற்றம் பேட்டரியுடையது, தயங்காமல் மாற்றுங்கள். அப்படியே நின்றிருந்தால், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே சரிகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அதிலும் தேறிவிட்டால் மின்சாரத்தை வண்டியில் வேறு ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு குடிக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நம்முடையது சின்ன பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பூட்டி நிறுத்திய பிறகும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டிகளின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பு. 30 மில்லிஆம்பியர் எடுக்கும் வண்டியில் பாதி பேட்டரி தீர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதுவே 300 ஆனால் இரண்டரை நாளில் பாதி காலி. ஆக "புது மாடல் கார்னா அப்படித்தான், எலெக்ட்ரானிக்ஸ் நிறைய" என்ற சமாதானம் செல்லாது. எலெக்ட்ரானிக்ஸ் எவ்வளவு இருந்தாலும், ஒழுங்காகத் தூங்கும் வண்டி நாலு நாளில் பேட்டரியைத் தீர்க்காது.

தூங்கும் என்று சொன்னேன் அல்லவா, அளக்கத் தெரிந்தவர்களும் கோட்டைவிடும் இடம் அதுதான். சாவியை எடுத்து, கதவைப் பூட்டிய உடனே வண்டியின் கணினிப் பெட்டிகள் அணைவதில்லை. பத்து நிமிடம், அரை மணி, சில வண்டிகளில் அதற்கும் மேல் விழித்திருந்து ஒவ்வொன்றாக அடங்கும். அதற்குள் மீட்டரை வைத்தால் ஆம்பியர் கணக்கில் காட்டும். அதைப் பார்த்து, ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒன்றைப் பிடுங்கியதும் எண் குறைந்தது என்பதற்காக அந்தப் பக்கத்து ஒயரிங்கைப் பிரித்துப் போடுவார்கள். குறைந்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் ஒரு பெட்டி தானாகத் தூங்கப் போனதாக இருக்கலாம். இல்லாத கோளாறுக்கு இப்படித்தான் டேஷ்போர்டுகள் கழற்றப்படுகின்றன. ஒருமுறை கழற்றிய டேஷ்போர்டு பழையபடி சத்தமில்லாமல் உட்காருவது அரிது. பொறுமைதான் இங்கே கருவி. பானட்டைத் திறந்து அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். காருக்குள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியும் தேவை என்றால் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து அதன் பூட்டுக்கும் இதையே செய்யுங்கள். ரிமோட் சாவியைத் தூரத்தில் வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நெகட்டிவ் முனைக்கும் கிளாம்புக்கும் இடையே இணைத்த பிறகே கிளாம்பை மெல்லத் தூக்குங்கள். நடுவில் ஒரு நொடி தொடர்பு விட்டாலும் பெட்டிகள் விழித்துக்கொள்ளும். சில நேரம் தூங்காமல் மாட்டிக்கொண்டிருந்த பெட்டி சரியாகி, கோளாறே மறைந்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் விடுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஒரு மணி கழித்தும் எண் இறங்கவில்லை என்றால் கசிவு உறுதி. இப்போதும் ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம். திருப்பிச் செருகும்போது வண்டி விழிக்கும். கிளாம்பைத் திரும்ப மாட்டிய பிறகே மீட்டரை எடுத்து, சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரின் மில்லிவோல்ட் அளவை வைத்துப் பாருங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடுவது மில்லிவோல்ட் கணக்கில் கொஞ்சமாவது காட்டும். வெளியே மாட்டிய சாமான்களை முதலில் சந்தேகியுங்கள்: டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், கடையில் போட்ட சென்டர் லாக். சாவியோடு அணையும் ஒயரில் கொடுக்க வேண்டியதை, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரில் முறுக்கி டேப் சுற்றிவிடுவது பல சாமான் கடைகளில் சர்வசாதாரணம். டிக்கி விளக்கு அணைகிறதா என்பதை, போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துகொள்ளலாம். 5 வாட் பல்பு 400 மில்லிஆம்பியர் எடுக்கும். எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனால் கசிவு இருக்கிறது என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் தடித்த ஒயர் சாதாரண ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாமல் பெரும்பாலும் நேராக பேட்டரிக்கே வருகிறது. உள்ளே ஒரு டயோடு கசிந்தால், ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற அதே கருவி நிற்கும்போது மின்சாரத்தை விழுங்கும். "சார்ஜிங் 14 வோல்ட் காட்டுது, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு எதற்கு, தினம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா என்பார்கள். 2020 ஊரடங்கின்போது எங்கும் கேட்ட யோசனை இது. ஐட்லிங்கில் பேட்டரிக்கு 10 ஆம்பியர் போகிறது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் ஏறுவது 1.7 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. 300 மில்லிஆம்பியர் கசிவு ஒரே நாளில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுத்துவிடும். பெட்ரோல்தான் வீண். நிறுத்தும்போதெல்லாம் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிடுவது என்ற யோசனையில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அளந்து பார்த்து, கசிவு இயல்பான அளவில் உள்ள வண்டியை இரண்டு மாதம் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கழற்றுங்கள். கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் போகும், அலாரம் வேலை செய்யாது, அவ்வளவுதான். அளக்காமல் கழற்றி வாழப் பழகினால், எங்கோ ஒரு ஒயர் உரசிக் கசிந்துகொண்டிருப்பது, கிளாம்பை மாட்டி வண்டியை ஓட்டும் நேரமெல்லாம் அப்படியே தொடரும். உரசிய ஒயர் சூடாகும். கசிவு பேட்டரியோடு நின்றுவிடும் என்று யாராலும் உறுதி தர முடியாது.