திரைப்படத்தை எப்படிப் படிப்பது?
ஊடகக் கற்கை மாணவருக்கு ஒரு பாடம்



நமது நாட்டின் பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் இன்று ஒரு பாடமாக இருக்கின்றது. இப்பாடத்தைக் கற்கும் பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டினால், திரைப்பட நுட்பங்கள் என்ற தலைப்பின்கீழ் நீண்டதொரு பட்டியலைக் காணலாம். அண்மைக் காட்சி உணர்ச்சியைக் காட்டும். கீழிருந்து எடுத்த காட்சி அதிகாரத்தைக் காட்டும். மேலிருந்து எடுத்த காட்சி பலவீனத்தைக் காட்டும் என்று அது நீண்டு செல்லும். இதனை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவிக்கலாம். ஆனால் ஒரு படத்தைக் காண்பித்து, "இந்த இடத்தில் உமது மனம் ஏன் கலங்கியது?" என்று கேட்டால், அந்தப் பட்டியல் கைகொடுப்பதில்லை.

நுட்பத்தின் பெயரை அறிவது முதற்படி மாத்திரமே. அந்த நுட்பம் பார்ப்பவராகிய நம்மை எந்த இடத்தில், யார் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றது என்று கேட்பதே ஆய்வு. இக்கருத்தை ஒரே ஒரு படத்தை உதாரணமாகக் கொண்டு விளக்க முயல்வோம். அது 1948ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த "சைக்கிள் திருடர்கள்". நெறியாள்கை செய்தவர் விட்டோரியோ டி சிக்கா. திரைக்கதையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் செசரே சவாற்றினி. சினிமா தோன்றி நூறு ஆண்டு நிறைவடைந்த 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் இப்படம் இடம்பெற்றது.

கதை மிகச் சிறியது. போர் முடிந்த உரோமாபுரியில் வேலையில்லாத் திண்டாட்டம். அன்ரோனியோ என்ற குடும்பத்தவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. சொந்தச் சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. சைக்கிளோ அடைவிலிருக்கின்றது. மனைவி மரியா வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடைவு வைத்து அதை மீட்கிறாள். வேலையின் முதல் நாளே சைக்கிள் திருட்டுப்போகின்றது. அன்ரோனியோவும் அவனது சிறுமகன் புறூனோவும் நகரெங்கும் அதைத் தேடித் திரிகின்றனர். இறுதியில் அன்ரோனியோ தானே வேறொருவரின் சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறான்.

கமரா எங்கே நிற்கின்றது?

திரைப்படத்தின் சிறிய அலகை ஷொட் என்போம். கமரா ஓடத் தொடங்கி நிற்கும்வரை இடையறாது பதிவான துண்டு அது. 1895 டிசெம்பர் 28இல் பரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் மக்களுக்குக் காண்பித்த படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த ஒரே ஷொட்டாக இருந்தன. கமரா ஓரிடத்தில் அசையாது நின்றது. பின்னரே அது ஆளை அணுகவும் விலகவும், பக்கவாட்டிலும் மேலுங்கீழும் திரும்பவும், தானே நகரவும் கற்றுக்கொண்டது. ஒவ்வோர் அசைவும் நெறியாளர் செய்யும் ஒரு தெரிவு. எனவே, "ஏன் இங்கே இப்படி?" என்ற கேள்வியை ஒவ்வொன்றுக்கும் கேட்கலாம்.

அடைவுக்கடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மரியாவின் விரிப்புகளை வாங்கிய கடை ஊழியன் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறான். அங்கே கூரைவரை உயர்ந்த இறாக்கைகள். அவற்றில் ஏறி, பொட்டலத்தை உச்சியில் வைக்கிறான். கமராவும் அவனோடு மேலே செல்கின்றது. இறாக்கை நிறைய அதே போன்ற பொட்டலங்கள்.

இங்கே மனனஞ்செய்த பட்டியலை வைத்துப் பாருங்கள். கீழிருந்து மேலே நோக்கும் கமரா அதிகாரத்தைக் காட்டும் என்று அது சொல்லும். அந்த ஏழை ஊழியனுக்கு என்ன அதிகாரம்? கமரா மேலே ஏற ஏற நாம் காண்பது பொட்டலங்களின் தொகையை. மரியாவைப் போன்று தம் படுக்கை விரிப்பை அடைவு வைத்த குடும்பங்கள் இத்தனையா என்று அப்போது உணர்கிறோம். ஒரு குடும்பத்தின் கதை ஒரு நகரத்தின் கதையாகி விடுகின்றது. வசனம் ஏதும் அதைச் சொல்லவில்லை. கமராவின் ஓர் அசைவு சொல்லி முடித்துவிட்டது. நுட்பங்களுக்கு நிரந்தரமான பொருள் கூறும் அகராதி கிடையாது. அவை நிற்கும் இடத்தைக் கொண்டே பொருளை அறியவேண்டும்.

சட்டகத்துக்குள் என்ன இருக்கின்றது?

இரண்டாவதாக நோக்கவேண்டியது காட்சியமைப்பு. யார் நடிக்கிறார், எங்கே நிற்கிறார், பின்னால் என்ன தெரிகின்றது, வெளிச்சம் எப்படி விழுகின்றது என்பன இதில் அடங்கும்.

டி சிக்கா இப்படத்தைப் பெரும்பாலும் உரோமாபுரியின் உண்மையான வீதிகளில் எடுத்தார். அன்ரோனியோவாகத் தோன்றிய லம்பேர்ட்டோ மஜோரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, தொழில்முறை நடிகரல்லர். அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பணந்தர முன்வந்து, கேரி கிராண்ட் என்ற புகழ்பெற்ற நடிகரைப் போடும்படி கேட்டபோது டி சிக்கா இணங்கவில்லை. காரணம் ஊகிக்கத்தக்கதே. நட்சத்திரத்தின் முகத்தைக் கண்டதும் இவருக்கு இறுதியில் நன்மை கிடைத்துவிடும் என்று நம் மனம் ஆறுதலடைந்துவிடும். முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் முகம் அந்த ஆறுதலைத் தருவதில்லை.

சைக்கிள் களவு போகும்போது அன்ரோனியோ ஒட்டிக்கொண்டிருப்பது அழகிய நடிகை றீற்றா ஹேவேர்த்தின் சுவரொட்டி. வேறு எதையேனும் ஒட்டியிருந்தாலும் கதை மாறியிராது, பொருள் மாறியிருக்கும். திரையுலகு விற்கும் கனவு சுவரில் இருக்க, அதை ஒட்டுபவனின் வயிற்றுப்பிழைப்பு அவன் முதுகுக்குப் பின்னால் பறிபோகின்றது.

சாப்பாட்டுக்கடைக் காட்சியும் அவ்வாறே. புறூனோ ஒரு மேசையிலிருந்து, பக்கத்து மேசையில் உண்ணும் பணக்காரச் சிறுவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். முள்ளும் கத்தியும் பிடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறான். வர்க்க வேறுபாடு பற்றிய சொற்பொழிவு அங்கே இல்லை. இரண்டு மேசைகளும் ஒரு சிறுவனின் பார்வையுமே இருக்கின்றன.

துண்டுகள் எப்படி ஒட்டப்பட்டன?

மூன்றாவது படத்தொகுப்பு. ரஷ்யப் புரட்சியை அடுத்துவந்த ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் என்ற நெறியாளர் ஒரு பரிசோதனை செய்தார். அதனை அவரோடு பணியாற்றிய புடோவ்கின் பின்னர் எழுத்தில் விபரித்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம். அதனையடுத்து முறையே சூப்புக் கோப்பை, சவப்பெட்டியில் இறந்த பெண், பொம்மையோடு விளையாடும் சிறுமி ஆகிய படங்கள் ஒட்டப்பட்டன. பார்த்தவர்கள் அந்த நடிகர் சூப்பைச் சிந்தனையோடு நோக்கினார், இறந்தவளைக் கண்டு துயருற்றார், சிறுமியைக் கண்டு புன்னகைத்தார் என்று அவரது நடிப்பைப் பாராட்டினராம். முகமோ மூன்று முறையும் ஒன்றே. இரண்டு படங்கள் சேரும்போது, இரண்டிலும் இல்லாத ஒரு பொருளை நமது மனமே படைத்துக்கொள்கின்றது.

இதை மனதிற்கொண்டு "சைக்கிள் திருடர்கள்" படத்தின் இறுதிப் பகுதிக்கு வருவோம். விளையாட்டரங்கின் வெளியே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். அப்பால் ஒரு வாசலில் தனியே ஒன்று. அன்ரோனியோ மகனை ட்ராம் வண்டியில் போகுமாறு அனுப்பிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கூக்குரல் எழுகின்றது, பலர் துரத்துகின்றனர். ட்ராமைத் தவறவிட்ட புறூனோ அதைக் கண்டுவிடுகிறான். அந்தக் கணத்தில் படம் நமக்குக் காண்பிப்பது சிறுவனின் முகத்தை.

தந்தையின் முகத்தை மாத்திரம் காட்டியிருந்தால் பிடிபடுவோமோ என்ற அச்சத்தையே உணர்ந்திருப்போம். மகனின் முகம் இடையே வந்ததும் அச்சம் வெட்கமாக மாறுகின்றது. அடியும் அவமானமும் பட்ட பின், சைக்கிளின் சொந்தக்காரர் அழுதுநிற்கும் பிள்ளையைப் பார்த்து அவனை விட்டுவிடச் சொல்கிறார். தந்தையும் மகனும் கைபிடித்து நடந்து கூட்டத்தில் மறைகின்றனர்.

இனி, தலைப்பைக் கவனியுங்கள். இத்தாலிய மூலத்தில் "திருடர்கள்" என்று பன்மையாகவே இருக்கின்றது. அமெரிக்காவில் வெளியிட்டபோது "திருடன்" என்று ஒருமையாக்கினர். இதனால் படத்தின் பொருளே நழுவியது. தொடக்கத்தில் நாம் ஒரு திருடனை வெறுத்தோம். முடிவில் இன்னொரு திருடனின் பக்கத்தில் நிற்கிறோம். திருட்டுச் சரி என்று படம் சொல்லவில்லை. ஒருவனைத் திருடன் என்று சொல்லுமுன் அவனது ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்க வைக்கின்றது. மேலே கண்ட நுட்பங்கள் யாவும் நம்மை அங்கே கொண்டுசெல்வதற்கே பயன்பட்டன.

இதே நுட்பம் மறுபக்கமும் இழுக்கும்

இவ்வாறு நம்மை இரங்கச்செய்யும் அதே நுட்பம், நடவாததை நம்பவும், ஆராயாமல் ஒருவரை வெறுக்கவும் செய்யவல்லது. ஐசன்ஸ்ரைனின் "போர்க்கப்பல் பொற்றெம்கின்" (1925) படத்தில், ஒடெசா நகரப் படிகளில் படையினர் மக்களைச் சுட்டுக்கொண்டு இறங்கும் காட்சி உலகப் புகழ்பெற்றது. படையினரின் சீரான கால்கள், சிதறி ஓடும் மக்கள், படிகளில் உருண்டுசெல்லும் குழந்தை வண்டி ஆகியவற்றை மாற்றி மாற்றி ஒட்டி, சில நிமிடங்களை முடிவற்ற கொடுமையாக நீட்டினார் அவர். 1905இல் அந்நகரில் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் படிகளில் திரையில் காண்பதுபோன்ற படுகொலை நெறியாளரின் படைப்பு. எனினும் படத்தைக் கண்ட பலர் அதையே வரலாறாக நினைவிற் கொண்டனர். 1935இல் லெனி றீபன்ஸ்ரால் "மனத்திண்மையின் வெற்றி" என்ற பொருள்படும் படத்தில் இட்லரை மேகங்களினூடே இறங்கிவரும் மீட்பரைப் போன்று காட்டினார். அந்தப் படப்பிடிப்பின் திறமையை மறுப்பவர் எவருமிலர். அது யாருக்குப் பணிசெய்தது என்பதே கேள்வி.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. அழும் ஒரு முகத்தோடு வேறோர் ஊரில், வேறோர் ஆண்டில் எடுத்த காட்சியை ஒட்டி அனுப்புவது சில நிமிட வேலை. குலெஷோவின் பரிசோதனை நம் வீட்டுக்குள் நாள்தோறும் நடக்கின்றது. இனங்களும் மதங்களும் ஒன்றையொன்று சந்தேகிக்கும் நாட்டில், ஒட்டிய இடத்தைக் கண்டுகொள்ளத் தெரிந்த கண்கள் வேண்டும். புள்ளி பெறுவதற்கு அப்பாலும் இப்பாடத்துக்கு ஒரு பயன் இருக்கின்றதென்றால் அது இதுவே.

செய்து பழகுவதற்கு

நல்ல படமொன்றில் மூன்று நிமிடப் பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் "ரேகாவ" (1956) கிடைத்தால் அதையே எடுக்கலாம். அதுவரை சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியக் கலையகங்களில் தயாராகின. அவர் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கோடும் தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவோடும் கமராவை நமது கிராமத்து வெயிலுக்குக் கொண்டுசென்றார். அந்த வெளிச்சம் கதைக்கு என்ன செய்கின்றது என்று கேட்டுப்பாருங்கள்.

1. முதல்முறை சாதாரணமாகப் பாருங்கள். மனம் அசைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டாம்முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எத்தனை ஷொட்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் கமரா எங்கே நிற்கின்றது என எழுதுங்கள்.

3. மூன்றாம்முறை கண்ணை மூடி ஒலியை மாத்திரம் கேளுங்கள். இசை எங்கே தொடங்குகின்றது? எங்கே மௌனம் நிலவுகின்றது?

4. பின்னர் கொப்பியில் மூன்று நிரல்கள் வரைந்து, காண்பது என்ன, அது என்னை என்ன செய்தது, வேறுவிதமாக எடுத்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று நிரப்புங்கள்.

மூன்றாவது நிரலே முக்கியமானது. "இங்கே அண்மைக் காட்சி பயன்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதும் மாணவர் ஒரு பொருளின் பெயரைச் சொன்னவராவார். "பிடிபடும் தந்தையைக் காட்டாமல் மகனின் முகத்தைக் காட்டியதால் நாமும் அந்த மகனின் கண்களால் பார்க்கிறோம், தண்டனையிலும் பார்க்க வெட்கமே பெரிதாகத் தெரிகின்றது" என்று எழுதுபவர் படத்தைப் படித்தவராவார்.

இவ்வாறு ஆராய்ந்தால் படத்தைச் சுவைக்கும் இன்பம் போய்விடுமே என்று சிலர் அஞ்சுவர். சங்கீதத்தின் இராகத்தை அறிந்தவர் பாட்டை ஏனையோரிலும் பார்க்க நன்றாகவே சுவைக்கிறார். இந்த வாரமே மூன்று நிமிடத்தோடு தொடங்குங்கள். தனியே பாராமல், வீட்டில் ஒருவரோடு அல்லது வகுப்பில் ஒரு நண்பரோடு சேர்ந்து பார்த்து, அவர் கண்டதையும் கேட்டறியுங்கள். நீங்கள் தவறவிட்ட ஒன்றை அவர் கண்டிருப்பார்.