ஆவணி மூல வீதிக்குப் போகுமுன்

மதுரையில் நகை வாங்க என்றால் கால் தானாகத் தெற்கு ஆவணி மூல வீதிக்குத்தான் போகும். டிசைனில் மயங்குமுன் முத்திரையைப் பாருங்கள்: பி.ஐ.எஸ். முக்கோணம், 22 காரட்டுக்கு 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் கட்டாயம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. அந்த ஆறு இலக்கத்தை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் நகையின் வகையும் தரமும் வரும். கையில் தோடு, திரையில் மோதிரம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல் நகைக்குக் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்குப் பில் போடச் சொல்லுங்கள். செய்கூலி, சேதாரத்தில் பேரம் பேசக் கூச்சம் வேண்டாம்.

அப்பத்தாவின் தண்டட்டி, பாம்படத்தின் உள்ளே அரக்கு இருக்கும். தராசு காட்டுவது முழுதும் தங்கமல்ல. விற்றே ஆகவேண்டுமென்றால் கண்ணெதிரே உருக்கி எடை போடட்டும். (முடிந்தால் விற்காதீர்கள், அந்த வேலைப்பாடு இனி எளிதில் கிடைக்காது.)

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள் உருக்களை எண்ணிவைத்து, வீட்டிலேயே நிதானமாகக் கோர்ப்பது நல்லது. மாசி வீதிக் கூட்டத்தில் ஒரு குண்டு உருண்டால் தேட முடியாது.